பேர்ப்பெட்டி

ஜூன் 5, வியாழன்

இன்று தீவு புதிதாகப் பிறந்தது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். போன மாதம் முழுக்க நானும் முகுந்தனும் கட்டிய கல்வீடு, இரும்புக் கதவு, பதினேழு பெட்டிச் சாமான், எல்லாம் போச்சு. விளையாடுகிற அத்தனை பேரும் மறுபடி கடற்கரையில் ஒரு கல்லும் ஒரு தீப்பந்தமுமாகக் கண் விழிக்க வேண்டும். லேப்டாப் விளையாட்டுக்கெல்லாம் நாட்குறிப்பா என்று அப்பா கேட்டார். ரத்தப் பரிசோதனை லேபில் ஊசி குத்திய நேரத்தைக்கூட எழுதிப் பழகியவள் நான். எழுதி வைக்காத எதுவும் எனக்கு நடந்ததாகவே தோன்றாது.

மூன்று வருஷமாக நாங்கள் இரண்டு பேர்தான். ஈரோட்டில் நான், புனேயில் என் தம்பி முகுந்தன். ஏழு மணிக்கு உட்கார்ந்தால் எட்டரை வரை. வேட்டை, சண்டை, ஊர் சுற்றல் எல்லாம் அவன். மரம் வெட்டுவது, கல் உடைப்பது, உலை மூட்டி இரும்பு உருக்குவது, பெட்டிகளை அடுக்குவது எல்லாம் நான். அவன் வெளியே போய்விட்டு வந்து கதை சொல்வான். நான் கேட்டுக்கொண்டே அடுக்குவேன்.

இன்று மைக்கை மாட்டியதும் மூன்றாவதாக ஒரு குரல்.

"வணக்கம் மதினி. நானும் வாரேன்."

சிந்துஜா. முகுந்தனின் மனைவி. கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. திருநெல்வேலிப் பெண். புருஷனுடைய அக்காவை அவர்கள் ஊரில் மதினி என்பார்களாம்.

"அக்கா, இவ வீட்ல சும்மாதான இருக்கறா. சேத்துக்கலாமா?" என்றான்.

"இதுல என்னடா கேக்கறதுக்கு இருக்குது? வரட்டும்."

மனசாரத்தான் சொன்னேன்.

வழக்கம்போலப் பேர்ப்பெட்டியை நான் நட்டேன். அது நாங்கள் வைத்த பெயர். ஒரு சின்ன மரப்பெட்டி. அதை நட்ட இடம்தான் வீடு. அதைத் தொட்டு 'சேர்' என்று அமுக்கியவர்கள் மட்டுமே அந்த வீட்டில் சுவர் எழுப்பலாம், கதவு திறக்கலாம். பட்டியலில் முதல் பெயர் எப்போதும் என்னுடையது, தமயந்தி. இரண்டாவது முகுந்தன். இன்று மூன்றாவதாக ஒன்று.


ஜூன் 6, வெள்ளி

லேபில் இன்று நாற்பத்திரண்டு பேர். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள், பசிக்கு நான் காரணம் என்பதுபோல.

ஏழு மணிக்குத் தீவுக்குப் போனால் பெட்டியில் மூவாயிரம் கட்டை. பகலெல்லாம் தனியாக வெட்டியிருக்கிறாள்.

"உங்களுக்கு வேலை மிச்சம்னு வெட்டிப் போட்டுட்டேன் மதினி."

நல்ல பெண்தான். ஆனால் முதல் நாள் மரம் வெட்டுவது என் வேலை. கல் கோடரி உடைந்து, இன்னொன்று செய்து, அதுவும் உடைந்து, முதல் சுவர் எழும்பும்போது ஒரு சந்தோஷம் வரும். அது இந்த மாதம் எனக்கு இல்லை.


ஜூன் 8, ஞாயிறு

சிந்துஜா முக்கோணத்தில் அறை கட்டுகிறாள். வீட்டைச் சுற்றி முக்கோணம் முக்கோணமாக ஒரு வெளிச்சுவர்.

"அக்கா பாத்தியா, வெளிச் செவுத்த ஒடச்சாலும் உள்ள இன்னொரு செவுரு நிக்குது! நமக்கு மூணு வருஷமா இது தோணவேயில்ல பாரு" என்றான் முகுந்தன்.

நமக்கு என்றான். எனக்கு என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

சதுர வீட்டில் என்ன குறை? அதே சதுர வீட்டில் உட்கார்ந்துதானே மூன்று வருஷம் கதை அளந்தான்?


ஜூன் 10, செவ்வாய்

பெட்டிகளை மாற்றி அடுக்கியிருக்கிறாள்.


ஜூன் 11, புதன்

நேற்று கோபத்தில் ஒரு வரிக்கு மேல் எழுத வரவில்லை. இன்று நிதானமாக எழுதுகிறேன்.

என் பெட்டிகள் கதவுக்கு இடப்பக்கம் மேலிருந்து கீழாக மரம், கல், துணி, தோல், இரும்பு என்று இருக்கும். லேபில் குழாய்களை அடுக்குகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் துணி கிடைக்கும். இப்போது எல்லாம் உலைக்குப் பக்கத்தில், எதை அடிக்கடி எடுக்கிறோமோ அது முன்னால். நேற்று துணி என்று கை வைத்தால் பன்றிக் கொழுப்பு வந்தது.

"நடந்து நடந்து எடுக்க வேண்டாமேன்னு மாத்தினேன் மதினி. உங்களுக்குத் தோதுப்படலன்னா பழையபடி வச்சிருதேன்."

"பரவால்ல, இருக்கட்டும்" என்றேன்.

இதில் எரிச்சல் என்னவென்றால், அவள் அடுக்கியதில் வேலை சீக்கிரம் முடிகிறது. எட்டே நாளில் இரண்டாம் படிப் பட்டறை மேசை வரப்போகிறது. போன மாதம் எங்களுக்குப் பதினைந்து நாள் ஆனது.


ஜூன் 14, சனி

இன்று நான் யாரென்று காட்டினேன்.

காவல் வில் செய்தேன். பட்டறை மேசையில் இரண்டாம் படியில்தான் அது வரும். கூரையில் வைத்துவிட்டால், பேர்ப்பெட்டிப் பட்டியலில் இல்லாத யார் பக்கத்தில் வந்தாலும் தானாக அம்பு விடும். ஆறு பல்சக்கரம் வேண்டும். பழைய கப்பல் உடைந்து கிடக்கிற இடத்தில் லேப் விடுமுறை நாளான இன்று காலையில் நான்கு மணி நேரம் தனியாகத் தேடி எடுத்தேன். இரண்டு முறை கரடியிடம் செத்தேன்.

"சூப்பர்க்கா! இனி கீழ்க்கரைக்காரனுக வரட்டும் பாக்கலாம்" என்றான் முகுந்தன். கீழ்க்கரைக்காரர்கள் என்பது தெற்குப் பக்கம் கோட்டை கட்டியிருக்கிற நான்கு பேர் கூட்டம். பேர் ஊர் தெரியாது. வந்தால் வழித்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தச் சூப்பர் நான்கு நிமிஷம் இருந்தது. பிறகு சிந்துஜா மெதுவாக, "மதினி, வில்லு அங்கன இருந்தா வாசப்படி அதுக்குத் தெரியாதே. இந்தப் பக்கம் கொஞ்சம் நகட்டுனா…" என்றாள்.

"எனக்குத் தெரியும். வேணும்னுதான் அங்க வெச்சேன்" என்றேன்.

அவர்கள் போன பிறகு போய்ப் பார்த்தேன். வாசற்படி தெரியவில்லை. நகர்த்தி வைத்தேன்.


ஜூன் 15, ஞாயிறு

வீடியோ அழைப்பு. முன்பெல்லாம் முகுந்தன் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அக்காகிட்டக் குடுங்க என்பான். இப்போது சின்னத் திரையில் இரண்டு தலைகள் நெருக்கிக்கொண்டு தெரிகின்றன. பேச்சும் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் வருகிறது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா ஒரு காகிதத்தை நீட்டினார்.

"கண்ணு, சிந்து பேர அவங்கூட்டு ரேஷன் கார்டுல நீக்கிப்போட்டு சர்டிபிகேட் அனுப்பிச்சிருக்காங்க. நம்ம கார்டுல சேத்தோணும். லேப் முடிஞ்சு வரப்ப இ-சேவை மையம் வழியிலதான? ஒரு எட்டு போய்ட்டு வந்துரு."

"சரிங்கப்பா."

எங்கள் கார்டில் இப்போது அப்பா, முகுந்தன் என்று இரண்டு பெயர். அம்மா போனதும் அம்மா பெயர் போனது. எட்டு வருஷத்துக்கு முன் நான் கல்யாணமாகிப் போனபோது என் பெயர் போனது. நான்கு வருஷத்துக்கு முன் நான் திரும்பி வந்ததும் அந்த வீட்டில் ஒரே வாரத்தில் என் பெயரை நீக்கிச் சான்றிதழைத் தபாலில் அனுப்பினார்கள். எனக்காக அவர்கள் சுறுசுறுப்பாகச் செய்த ஒரே வேலை அதுதான். அது பீரோவில் இருக்கிறது. அப்பா, பாக்கலாம் கண்ணு என்றார். அப்புறம் யாரும் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கென்ன, தனியாக உலையா வைக்கிறார்கள்? வீட்டில் பொங்குவதைத்தான் நானும் சாப்பிடுகிறேன்.


ஜூன் 17, செவ்வாய்

இ-சேவை மையத்தில் சர்வர் வேலை செய்யவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன்.

அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். நான் உள்ளே போய்க் கேட்கவில்லை.


ஜூன் 19, வியாழன்

முகுந்தனுக்குக் கம்பெனியில் கூட்டம். தீவில் நானும் அவளும் மட்டும். உலையில் இரும்பு உருகும்வரை சும்மா நிற்க வேண்டியிருந்தது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். புனேயில் பக்கத்து வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாதாம். காய்காரரிடம் கையை ஆட்டி ஆட்டித்தான் வெண்டைக்காய் வாங்குகிறாளாம். ஐந்து இடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டும் பதில் இல்லையாம்.

"இவங்க ஆபீஸ் போயிட்டா ஒரு சத்தம் கெடையாது மதினி வீட்ல. ஏழு மணி எப்ப ஆகும், நீங்க எப்ப வருவீங்கன்னு கடிகாரத்தப் பாத்துக்கிட்டே கெடப்பேன்."

"இரும்பு உருகிருச்சா பாரு" என்றேன்.

மூன்று வருஷமாக ஏழு மணிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நான். அதையும் எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு என்ன தெரியும்? நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம் அறையை விட்டு வெளியே வரவில்லை. லேப் வேலையெல்லாம் அப்புறம் கிடைத்தது. லீவில் வந்த முகுந்தன் தன் பழைய லேப்டாப்பில் இதை ஏற்றி என் மடியில் வைத்து, "அக்கா, ஒரு வீடு கட்டலாம் வா" என்றான். எனக்கு மவுஸைக்கூடப் பிடிக்கத் தெரியாது. அவன்தான் என் விரலைப் பிடித்து அமுக்கவைத்தான். ஒன்பது வயசு சின்னவன். அவனுக்குச் சைக்கிள் பழக்கியது நான்.

எனக்கு இருப்பது அந்த ஒன்றரை மணி நேரம். அதில் வந்து உட்கார்ந்துகொண்டு, எனக்குப் பொழுது போகவில்லை என்றால் நான் என்ன செய்வேன்?


ஜூன் 21, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஒன்றையும் கூட்டவில்லை.

மதியம் அப்பா கேட்டார், "கார்டு என்னாச்சு கண்ணு? சிந்து பேரு ஏறிருச்சா?"

"சர்வர் இல்லீங்கப்பா."

சாயங்காலம் ஏழு மணி. இரும்புக் கதவு வேண்டும், அதற்கு வடக்கு மலையில் தாது எடுக்க வேண்டும் என்று முகுந்தன் சொன்னான். சரி, போய்விட்டு வந்து கதை சொல்வான் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு பேரும் கிளம்பினார்கள். "அக்கா, நீ ஊட்டப் பாத்துக்க" என்றான். போகிற வழியெல்லாம் மைக்கில் இரண்டு பேரும் சிரிப்பு. யாரோ ஒரு ராகுலாம், ஏதோ ஒரு கேக்காம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் விளக்கவும் இல்லை.

படுக்கைகளைப் பார்த்தேன். தீவில் செத்தால் நம் படுக்கையில்தான் கண் விழிப்போம். அதனால் மூன்று படுக்கையும் கீழறையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இப்போது என்னுடையது அங்கே இல்லை.

"மதினி, சொல்ல மறந்துட்டேன். உங்களுக்கு மாடியில தனியா ஒரு ரூமு கட்டிப் படுக்கைய அங்கன போட்டிருக்கேன். ஜன்னல் வச்சிருக்கேன், கடல் தெரியும்."

நிஜத்திலும் நான் மாடி அறையில்தான் இருக்கிறேன். அங்கும் ஜன்னல் இருக்கிறது.

நான் பேர்ப்பெட்டியிடம் போனேன். அதில் இரண்டே பொத்தான். ஒன்று 'சேர்', இன்னொன்று 'அழி'. ஒரு பெயரை மட்டும் நீக்க வழி கிடையாது. அழித்தால் எல்லாப் பெயரும் போய்விடும். அழித்தேன். உடனே என் பெயரைச் சேர்த்தேன். முகுந்தன் வந்ததும் அவனாகச் சேர்த்துக்கொள்வான். அவளும் சேர்ந்துகொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் வாசலில் நின்று, "மதினி, கதவு திறக்க மாட்டேங்கு, என் பேரச் சேக்கணும்" என்று ஒருமுறை என்னிடம் கேட்கட்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கூரையில் இருந்த வில்லை மறந்துபோனேன்.

சத்தியமாக மறந்துபோனேன்.

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். இரண்டு பேரும் முதுகு நிறையத் தாதுவோடு படியேறினார்கள். முதல் அம்பு முகுந்தனுக்கு. இரண்டாவதும் அவனுக்குத்தான். "ஏய்! என்னதிது?" என்று அவள் கத்தியது கேட்டது. அப்புறம் அவளுக்கு. வில்லை நான் சரியாக நகர்த்தி வைத்திருந்தேன் அல்லவா, ஒரு அம்புகூட வீணாகவில்லை.

செத்தவர்கள் உள்ளே படுக்கையில் வெறுங்கையோடு எழுந்தார்கள். மூட்டைகள் படியில் கிடந்தன. அதையாவது எடுத்துவிடலாம் என்று நான் கதவைத் திறந்தேன். மலையிலிருந்தே பின்னால் வந்திருக்கிறார்கள் கீழ்க்கரைக்காரர்கள். நான்கு பேர். வில்லில் அம்பு தீர்ந்துபோயிருந்தது. திறந்த கதவு வழியாக நடந்து வந்தார்கள். முதலில் என்னை வெட்டினார்கள். அப்புறம் அவர்கள் இரண்டு பேரையும். படுக்கைகளையும் உடைத்தார்கள். வீடு போச்சு. பேர்ப்பெட்டியில் அவர்கள் பெயரைப் போட்டுக்கொண்டு எங்கள் வில்லுக்குக் கீழேயே நின்று ஆடினார்கள்.

மறுபடி கடற்கரை. மூன்று பேரும் நின்றோம். நான்தான் முந்திக்கொண்டு, "சர்வர் கோளாறு போல" என்றேன்.

"இருக்கும்க்கா" என்றான் முகுந்தன்.


ஜூன் 22, ஞாயிறு

மேற்குக் கரையில் சின்னதாக ஒரு குடிசை போட்டோம். நானும் அவனும் மட்டும். சிந்துஜாவுக்குத் தலைவலியாம்.

மூன்று வருஷத்துக்கு முன் இருந்த மாதிரியே இருந்தது. சதுரக் குடிசை. அவன் கதை ஒன்றும் சொல்லவில்லை.


ஜூன் 23, திங்கள்

சிந்துஜா வந்தாள். வந்ததும் சொன்னாள்.

"மதினி, சனிக்கிழம நடந்தது என் தப்பாத்தான் இருக்கும். கெளம்பும்போது பேர்ப்பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியில கல்லு ரொப்பப் போனேன்லா, அப்ப கை தவறி 'அழி'ய அமுக்கியிருக்கேன் போல."

முகுந்தன் சிரித்து, "சரி விடு, கை தவறுறதுதான். கட்டிக்கலாம்" என்றான்.

நான் தண்ணீர் குடித்தேன். அவளே அப்படி நம்புகிறாள் என்றால் நான் ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்?


ஜூன் 24, செவ்வாய்

அவர்கள் வருவதற்கு முன் ஆறரைக்கே தனியாகப் போனேன். பழைய வீட்டை ஒருமுறை பார்க்கலாம் என்று படி வரைக்கும் போய்விட்டேன். வில் என்னை அடித்தது. நான் செய்த வில்.

திரை கறுத்தது. அதில் எழுத்து வந்தது.

*உங்களைக் கொன்றது: காவல் வில். செய்தவர்: தமயந்தி. உங்கள் பெயர் பட்டியலில் இல்லை. பட்டியலை அழித்தவர்: கீழ்க்கரை_2, ஜூன் 21, 7.58.*

மூன்று முறை படித்தேன். பொழுது போகாமல் படிக்கவில்லை. இதே எழுத்து சனிக்கிழமை அவர்கள் இரண்டு பேர் திரையிலும் வந்திருக்கும். அழித்தவர் தமயந்தி என்று. மணி நிமிஷத்தோடு.

அப்படியென்றால் முகுந்தனுக்குத் தெரியும். 'இருக்கும்க்கா' என்றபோதே தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கை தவறிவிட்டது என்றாள். தெரிந்துகொண்டுதான் அவன் சிரித்தான். எனக்காக இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டு நடித்திருக்கிறார்கள்.

எனக்கு அவமானத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். எழுதுகிற இடத்திலாவது உண்மையை எழுதுகிறேன். பொறாமையாக இருக்கிறது. ராத்திரி சாப்பிடும்போது, 'அக்காவ என்ன பண்றது' என்று அவன் கேட்டிருப்பான், 'நான் செஞ்சதா சொல்லிருதேன்' என்று இவள் சொல்லியிருப்பாள். எனக்கு அப்படி ஒருவரும் வாய்க்கவில்லை. என் பெட்டியை எடுத்தாள், என் ஏழு மணியை எடுத்தாள், என் தம்பியை எடுத்தாள், கடைசியில் நான் செய்த தப்பைக்கூட எனக்கு விட்டுவைக்கவில்லை.

ஏழு மணிக்கு அவர்கள் வருவதற்குள் லேப்டாப்பை மூடிவிட்டேன்.


ஜூன் 25, புதன்

போகவில்லை. லேபில் வேலை அதிகம் என்று செய்தி அனுப்பினேன்.


ஜூன் 26, வியாழன்

போகவில்லை.


ஜூன் 28, சனி

போகவில்லை. பீரோவைச் சுத்தம் செய்தேன். அம்மாவின் புடவைகளுக்கு அடியில் என் சான்றிதழ் அப்படியே இருக்கிறது. ஓரம் மட்டும் கொஞ்சம் பழுத்திருக்கிறது. திருப்பி அங்கேயே வைத்தேன்.


ஜூன் 29, ஞாயிறு

வீடியோ அழைப்பில் ஒரு தலைதான் தெரிந்தது. முகுந்தன் பால் வாங்கப் போயிருக்கிறானாம். அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு வலை பின்னுகிறார்கள்.

"மதினி, வியாழக்கிழம புதுத் தீவு. வருவீங்கள்லா?"

"லேப்ல ஆள் கம்மி. பாக்கறேன்."

"நீங்க வராம பேர்ப்பெட்டிய நட மாட்டேன்."

"முகுந்தன நடச் சொல்லு."

அவள் தயங்கி, "மதினி, அந்தக் கார்டு… அவசரமில்ல, உங்களுக்குத் தோதுப்படும்போது போனாப் போதும். எங்க வீட்ல என் பேர எடுத்த அன்னைக்கு அழுதுட்டேன், பாத்துக்கிடுங்க. இங்கயும் இல்ல, அங்கயும் இல்லன்னு ரெண்டு வாரமா ஒரு மாதிரி இருக்கு. பைத்தியக்காரத்தனம்தான்" என்றாள்.

ரெண்டு வாரமாம்.

அப்பா வந்துட்டாங்க என்று போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு மாடிக்கு வந்தேன். அப்பா இன்னும் குளித்துக்கொண்டுதான் இருந்தார். மாடியில் கொஞ்ச நேரம் அழுதேன். யாரை நினைத்து அழுதேன் என்று கேட்டால் தெரியாது. அவளுக்கு இருக்கிற இரண்டு வாரத்துக்குக் காரணம் என் கைப்பையில் மடித்து வைத்திருக்கிற காகிதம்.


ஜூலை 3, வியாழன்

போவதில்லை என்றுதான் இருந்தேன். ஆறு மணிக்குத் தீவு பிறந்தது. ஆறேகாலுக்குத் துணி மடித்தேன். ஏழரைக்கு முகுந்தனிடமிருந்து ஒரே ஒரு செய்தி.

*அக்கா, ஒரு வீடு கட்டலாம் வா.*

லேப்டாப்பைத் திறந்தேன். கடற்கரையில் கண் விழித்தேன், கல்லும் தீப்பந்தமும். பாறை ஓரத்தில் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்றரை மணி நேரமாகியும் சுவர் இல்லை, கூரை இல்லை. சுற்றிலும் கட்டை மட்டும் குவிந்து கிடந்தது. மழை வேறு.

"வந்துட்டீங்களா மதினி! நாலு தடவ ஓநா கடிச்சுச் செத்துட்டேன். பெட்டி என்கிட்டதான் இருக்கு. நடல" என்றாள் சிந்துஜா.

"நான்தான் சொன்னேனே, முகுந்தன நடச் சொல்லுன்னு."

"இவதான் உடல. அக்கா வரட்டும், அக்கா வரட்டும்னு ஒரே பாட்டு" என்றான் அவன்.

பெட்டியைத் தரையில் போட்டாள். நான் எடுக்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களை முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. நல்லவேளை, அங்கே யாருக்கும் முகம் இல்லை.

"முகு, அன்னைக்கு அழிச்சது நாந்தான். கை தவறல. வேணும்னுதான் அழிச்சேன். வில்ல மட்டும்தான் மறந்துட்டேன்."

அவன் கையிலிருந்த தீப்பந்தத்தைத் தரையில் நட்டான்.

"தெரியும்க்கா."

"தெரியும்னு எனக்கும் தெரியும். ஏண்டா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ அப்பறம் வரவே மாட்டீன்னு பயமா இருந்துச்சு. மறுபடி அந்த ரூமுக்குள்ளாற போயி உக்காந்துக்குவியோன்னு." அவன் குரல் உடைந்தது. சின்ன வயதில் அடி வாங்கியதும் இப்படித்தான் பேசுவான்.

"எனக்குக் கோவம் இருந்துச்சு மதினி" என்று சிந்துஜா குறுக்கே வந்தாள். "தலவலின்னு சொன்னது பொய். உங்க மேல கோவம், இவங்க உங்களுக்குப் பரிஞ்சு பேசுனதுக்கு இவங்க மேலயும் கோவம். ரெண்டு நாள் இவங்ககிட்டப் பேசல. நான் ஒண்ணும் அவ்ளோ நல்லவ இல்ல, பாத்துக்கிடுங்க."

ஒரு மாதத்தில் அவள் பேசியதில் எனக்குப் பிடித்த பேச்சு இதுதான்.

பெட்டியை எடுத்து நட்டேன். 'சேர்' அமுக்கினேன். தமயந்தி. முகுந்தன் முன்னால் வந்தான்.

"நீ கொஞ்சம் அக்கட்டால நில்லு" என்றேன். "சிந்து, நீ வந்து அமுக்கு."

அவள் அமுக்கினாள். இரண்டாவது பெயர் சிந்துஜா. மூன்றாவது முகுந்தன். அவனுக்கு நன்றாக வேண்டும்.

"பெட்டியெல்லாம் இந்த மாசம் நான் அடுக்கறேன்" என்றேன். "எம்பட படுக்கை கீழ இருக்கோணும்."

"சரி மதினி. முக்கோணத்த மட்டும் எனக்கு விட்டுருங்க."

"யோசிக்கறேன்."


ஜூலை 5, சனி

இ-சேவை மையத்தில் சர்வர் நன்றாக வேலை செய்கிறது.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொன்றுக்கும் அப்பாவின் போனுக்கு ஓர் எண் வரும், அதைக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்றாள் கணினி முன்னால் இருந்த பெண். சிந்துஜாவின் சான்றிதழைக் கொடுத்தேன்.

"குடும்பத் தலைவருக்கு என்ன உறவுங்க?"

"மருமக."

அப்பாவுக்குப் போன் போட்டேன். ஆறு எண்ணையும் கடகடவென்று படித்தார். பெயர் ஏறியது. நான் கைப்பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அந்தப் பெண் ஓரம் பழுத்திருந்த காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இவங்க என்ன உறவுங்க?"

"மக."

போனை நான் வைக்கவில்லை. அந்தப் பக்கம் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணு, இன்னொரு நம்பர் வந்திருக்குது. இது யாருக்கு?"

"எனக்குங்கப்பா."

டிவிச் சத்தம் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கட்டண விவரத்தைப் பார்த்தேன்.

"இரு கண்ணு, எழுத்து சரியாத் தெரிய மாட்டேங்குது. கண்ணாடி எடுத்துட்டு வரேன்" என்றார்.

முதல் எண்ணைக் கடகடவென்று படித்தபோது கண்ணாடி எங்கே போயிருந்தது என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். நான்கு. ஒன்பது. பூஜ்யம். ஒன்று. ஏழு. இரண்டு. நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் தட்டினாள்.

வீட்டுக்கு வரும்போது மணி இரண்டு. ஏழு மணிக்குத் தீவில் உலை வைக்க வேண்டும். உலைக்கு வேண்டிய கல்லை நான்தான் உடைப்பேன் என்று சிந்துவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். பகலெல்லாம் தனியாக இருக்கிறாள், கை சும்மா இருக்காது, இந்நேரம் பாதி உடைத்திருப்பாள்.

சாப்பிட்டதும் உடனே போகிறேன். மீதிப் பாதியையாவது அவளுக்கு முன்னால் நான் உடைத்தாக வேண்டும்.